உருகாத வெள்ளைப் பொடி

அத்தியாயம் 6

நூற்று நாற்பத்தெட்டு.

சூடாக்கும் கருவியின் சிவப்பு எண்கள் அந்த இடத்தைத் தொட்டுவிட்டன. ஊசி மாதிரி மெலிந்த கண்ணாடிக் குழலின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடி இருந்தது. அது அசையவே இல்லை.

"இப்ப உருகணும்," என்றாள் குமிழி. அவள் குரல் உடைந்திருந்தது. "கொலஸ்ட்ராலா இருந்தா இந்தச் சூட்டுல தண்ணியாகிடணும்."

"கொஞ்சம் பொறுங்க," என்றான் வெடி. "சில பேருக்கு எழுந்திரிக்கவே நேரமாகும். எங்க அண்ணன் மாதிரி."

"தம்பி," என்றாள் அண்ணி.

வெடி வாயை மூடிக்கொண்டான். இருபது நிமிடத்துக்கு அது போதும்.

அண்ணி துப்பறியும் தொழிலுக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. வெடி அவள் கணவனின் தம்பி. உதவியாளன் என்ற பெயரில் கூடவே வருவான். அவன் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வழக்கு கொண்டுவருபவர்களும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டார்கள். அவள் பத்தாம் வகுப்பைத் தாண்டவில்லை. அதை அவள் மறைப்பதும் இல்லை.

நூற்று அறுபத்தெட்டில் பொடி ஓரத்தில் ஈரமானது. பிறகு கண்ணாடியோடு கண்ணாடியாகக் கரைந்து தெளிந்தது.

"ஸ்டிக்மாஸ்டெரால்," என்றாள் குமிழி. "செடியிலேர்ந்து எடுக்கிறது. என் பாட்டிலுக்குள்ள இது எப்படி வந்துச்சு?" அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "நாலு மணிக்கு விசாரணைக் குழு கூடுது. நான் பொய் சொன்னேன்னு எழுதி என்னை வெளியே அனுப்பப் போறாங்க. யாரோ பொடியை மாத்தி வெச்சு என்னைக் கவுத்துட்டாங்க அண்ணி."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு பத்து.

குமிழியின் உண்மைப் பெயரை அந்தக் கட்டடத்தில் யாரும் சொல்வதில்லை. கொழுப்பால் கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் செய்வது அவள் ஆராய்ச்சி. மருந்தைக் குமிழிக்குள் அடைத்து உடம்புக்குள் அனுப்ப வேண்டும். வழியில் ஒழுகக் கூடாது. முப்பது நாள் ஒழுகாத குமிழி செய்துவிட்டதாக அவள் அறிவித்தபோது, இந்த அறை முழுக்கப் பூங்கொத்துகள் வந்தனவாம். அப்புறம் குழு ஒரு பரிசோதகரைக் கூப்பிட்டு, அதே பொடியில் அதே குமிழியைச் செய்துபார்க்கச் சொன்னது. அவருடையது நிற்கவில்லை.

"ஒழுகினா எப்படித் தெரியும்?" என்று கேட்டாள் அண்ணி.

குமிழி எழுந்து ஜன்னலோரத் தட்டில் இருந்த மூன்று குழாய்களைக் காட்டினாள். விரல் நீளக் குழாய்கள். மங்கிய ஆரஞ்சு நிறத் திரவம் கழுத்துவரை நின்றது. அவள் நீல விளக்கை அவற்றின் மேல் அடித்தாள். ஒன்றும் ஆகவில்லை.

"குமிழிக்குள்ள சாயம் நெருக்கி அடைச்சிருக்கு. உள்ள இருக்கிற வரைக்கும் மங்கலா இருக்கும். ஒழுகி வெளியே வந்துட்டா பச்சையா எரியும். இது நான் முதல்ல செஞ்ச குழாய்ங்க. மூணு மாசமாச்சு. இன்னும் ஒழுகல, பாருங்க."

"அடேங்கப்பா," என்றான் வெடி. "எங்க வீட்டுக் குழாய்க்கும் இவங்களையே கூப்பிடலாம் அண்ணி."

அண்ணி அந்தக் குழாய்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அறையைப் பார்த்தாள். ஒரே நீள மேசை. இரண்டு நாற்காலிகள். மேசை ஓரத்தில் மடித்துப் போட்ட துணியின் மேல் இரண்டு கோப்பைகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று நீலம், ஒன்று மஞ்சள்.

"அலமாரிச் சாவி யார்கிட்ட இருக்கு?"

 குமிழியின் கண் மஞ்சள் கோப்பைக்குப் போய்த் திரும்பியது.

"ரெண்டே சாவி. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு என்கூட வேலை செய்யற தராசுகிட்ட." அவள் அழ ஆரம்பித்தாள். "பன்னெண்டு வருஷம் ஒரே மேசை அண்ணி. என் அம்மா செத்தப்ப மூணு நாள் என் பக்கத்துலேயே படுத்திருந்தா. அவ இப்படிச் செய்வான்னு நான் எப்படி நம்புவேன்? ஆனா அவளோட ஸ்டிக்மாஸ்டெரால் பாட்டில்ல அஞ்சு கிராம் குறையுது. நானே பார்த்தேன்."

அண்ணி அவள் தோளில் கை வைத்தாள். எப்போதாவதுதான் அவள் அப்படிச் செய்வாள்.

"உங்களை மாதிரி ஒருத்தர் வந்தது என் அதிர்ஷ்டம்," என்றாள் குமிழி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

* * *

தராசு இருட்டறையில் இருந்தாள். ஒளியளக்கும் கருவி அங்கேதான் இருக்கிறது. ஒல்லியான பெண். சர்க்கரையைக்கூட நிறுத்துத்தான் போடுவாளாம், அதனால் வந்த பெயர். அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"நான்தான் மாத்தினேன்னு சொல்றாளா?" என்று கேட்டாள். "அவ வாயாலேயே சொன்னாளா?"

"அழுதாங்க," என்றாள் அண்ணி.

தராசு மெதுவாக உட்கார்ந்தாள். "சந்தேகம் வந்திருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். 'ஏன்டி, நீயா?'ன்னு. அவ்வளவுதானே? உங்களைக் கூட்டிட்டு வரணுமா?"

அண்ணி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கொலஸ்ட்ராலுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள் அண்ணி. "எனக்குப் புரியிற மாதிரி சொல்லுங்க."

தராசு வெடியைப் பார்த்தாள். "லிஃப்டுல நெரிசலா ஆளுங்க நிக்கிறாங்கன்னு வெச்சுக்குங்க. எல்லாரும் ஆடிக்கிட்டு, சாஞ்சுக்கிட்டு. நடுவுல இடைவெளி. குமிழியோட சுவர் அப்படித்தான். கொழுப்பு மூலக்கூறுங்க வரிசையா நிக்கும், ஆனா வாலை ஆட்டிக்கிட்டே இருக்கும்."

"மாடு மாதிரி," என்றான் வெடி.

"அந்த நெரிசல்ல ஆளுக்கு ஆள் நடுவுல ஒரு மடக்கின குடையைச் செருகினா? எல்லாரும் ஒட்டி, நிமிர்ந்து நிப்பாங்க. இடைவெளி அடைஞ்சுடும். கொலஸ்ட்ரால் அந்த மடக்கின குடை. பின்பக்கம் சமதளமா, மழமழன்னு இருக்கும். அதனால சுவர் இறுகி, கொஞ்சம் தடிமனாவும் ஆகும். மிருகங்க உடம்புல இதுதான் இருக்கு."

"செடியில?"

"அதுவும் குடைதான். ஆனா நுனியில ஒரு கம்பி பக்கவாட்டுல நீட்டிக்கிட்டிருக்கும். அதுல ரெண்டு வகை என் அலமாரியில இருக்கு. சிட்டோஸ்டெரால்னு ஒண்ணு, அதோட கம்பி வளைஞ்சு கொடுக்கும். கிட்டத்தட்ட கொலஸ்ட்ரால் மாதிரியே வேலை செய்யும். இன்னொண்ணு ஸ்டிக்மாஸ்டெரால். அதோட நுனி விறைப்பா திரும்பி நிக்கும், வளையாது. பக்கத்துல இருக்கிறவங்க ஒட்ட முடியாது. ஒழுகும்." அவள் உடனே சேர்த்துக்கொண்டாள். "அது கெட்ட சாமான் இல்லைங்க. செடிக்கு வெயிலும் குளிரும் தாங்கணும். சுவர் ரொம்ப இறுகக் கூடாது. அதுக்கு அது சரி. இவ குமிழிக்குத்தான் சரியில்ல."

"ரெண்டு பொடியும் வெள்ளை," என்றாள் அண்ணி. "மாத்தினவங்க சிட்டோஸ்டெராலைத் தொடல. ஒழுகுற பொடியா பார்த்து எடுத்திருக்காங்க. எது ஒழுகும்னு இந்தக் கட்டடத்துல யாருக்குத் தெரியும்?"

தராசுக்கு அந்தக் கேள்வி எங்கே போகிறதென்று புரிந்தது. ஆனாலும் பொய் சொல்லவில்லை.

"எனக்கு. மூணு வருஷம் முன்னாடி நான்தான் அளந்தேன். இதோ நோட்டு."

"நம்ம தொழில்ல இது புதுசு அண்ணி," என்றான் வெடி. "தன் கழுத்துக்குத் தானே கயிறை அளவெடுத்துத் தர்றாங்க."

அண்ணி நோட்டைப் பிரித்தாள். பக்கத்துக்கு ஒரு வரைபடம். கொலஸ்ட்ரால் குமிழிகளின் கோடு தரையோடு தரையாக ஓடியது. ஸ்டிக்மாஸ்டெரால் கோடு விருட்டென்று மேலே ஏறியிருந்தது.

"இது எத்தனாவது நாள்ல ஏறுது?"

"ரெண்டாம் நாள் காலையிலேயே. ஆறு தடவை செஞ்சேன். ஆறும் ரெண்டாம் நாள்தான்."

"இந்த நோட்டை வேற யார் பார்த்திருக்காங்க?"

"அவதான். எங்களுக்குள்ள எதுக்குங்க மறைவு?"

அண்ணி எழுந்தாள். கதவருகே போய்த் திரும்பி, "அந்த முப்பது நாள் கணக்கு, அதை யார் எழுதினது?" என்றாள்.

"நான்தான். தினமும் காலையில அவ குழாயிலேர்ந்து ஒரு துளி எடுத்துக் கொண்டுவந்து இந்தக் கிண்ணத்துல வைப்பா. நான் கருவியில எண்ணைப் படிச்சு எழுதுவேன். முப்பது எண்ணும் என் கையெழுத்துதான்." முதல் முறையாக அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. "முப்பதாம் நாள் ரெண்டு பேரும் இந்த இருட்டுலேயே குதிச்சோம். நான் ஸ்டூல்ல இடிச்சுக்கிட்டேன்."

* * *

"அவங்கதான்," என்றான் வெடி படியிறங்கும்போது. "சாவி இருக்கு, பொடி இருக்கு, விவரம் தெரிஞ்சிருக்கு. ஆனா அவங்க இல்லன்னு என் மனசு சொல்லுது."

"உன் மனசு போன வழக்குல என்ன சொல்லுச்சு?"

"அதை விடுங்க. அப்ப அதுக்கு உடம்பு சரியில்ல."

பரிசோதகரின் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. வழுக்கைத் தலை, இரண்டு கண்ணாடிகள்: ஒன்று மூக்கில், ஒன்று நெற்றியில். அவர் மேசையில் பென்சில்கள்கூட உயர வரிசையில் நின்றன.

"நான் ஏற்கெனவே எழுதிக் கொடுத்துட்டேன்," என்றார். "முப்பது நாள் நிற்கவில்லை. முடிஞ்சுது."

"எத்தனாவது நாள்ல ஒழுகுச்சு?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இதை நீங்கதான் முதல்ல கேக்கிறீங்க."

"குழு கேக்கலையா?"

"படிவத்துல ரெண்டே கட்டம்தாம்மா. நின்றது, நிற்கவில்லை. நான் ரெண்டாவதுல குறி போட்டேன்." அவர் இழுப்பறையைத் திறந்து ஒரு தடித்த நோட்டை எடுத்தார். விரலை நனைத்துப் பக்கங்களைத் தள்ளினார். "போன மாசம் மூணாம் தேதி அவங்க பாட்டில்லேர்ந்து பொடி எடுத்தேன். அன்னிக்கே குமிழி செஞ்சேன். பத்தாம் நாள் வரைக்கும் கல்லு மாதிரி நின்னுச்சு. பதினோராம் நாள் காலையில பச்சையா எரியுது."

"பத்து நாள்," என்றாள் அண்ணி.

"நல்ல குமிழிதான். பத்து நாள்னு சொல்லியிருந்தா நான் முதல் கட்டத்துல குறி போட்டிருப்பேன்."

வெடி அண்ணியின் முகத்தைப் பார்த்தான். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே ஒரு சுவர் மட்டும்தான் இருந்தது.

"என்ன அண்ணி?"

"மாத்தின பொடின்னா ரெண்டாம் நாளே ஒழுகியிருக்கணும் தம்பி. இவரோடது பத்து நாள் தாங்கியிருக்கு. ரொம்ப நல்லா நின்னுடுச்சு. அதான் தப்பு."

"நல்லா நின்னது தப்பா?"

அண்ணி பரிசோதகர் பக்கம் திரும்பினாள். "ஐயா, நீங்க எடுத்த பொடியில மிச்சம் ஏதாவது இருக்கா?"

அவர் அலமாரியைத் திறந்தார். உள்ளே சிறிய கண்ணாடிச் சீசாக்கள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றிலும் விரல்நகம் அளவு பொடி, ஒரு தேதி, அவருடைய கையெழுத்து, மூடிமேல் மெழுகு.

"நான் தொட்ட எதுலேயும் ஒரு சிட்டிகை எடுத்து வெச்சிடுவேன். முப்பது வருஷப் பழக்கம். என் வீட்டுக்காரி இதை வியாதின்னு சொல்றா."

"எதுக்கு வெக்கிறீங்க?"

"என்னிக்காவது யாராவது வந்து கேப்பாங்கன்னுதான். இது வரைக்கும் யாரும் கேக்கல." அவர் விரல் தேதிகளின் மேல் ஓடி ஒன்றில் நின்றது. "மூணாம் தேதி. இதோ."

அவருடைய அறையிலேயே சூடாக்கும் கருவி ஒன்று இருந்தது. மெழுகை அவரே உடைத்தார். மூன்று பேரும் தலை முட்டிக்கொள்ளும்படி குனிந்து பார்த்தார்கள்.

நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தைந்து.

நூற்று நாற்பத்தெட்டில் பொடி ஈரமானது. அடுத்த மூச்சில் தண்ணீராகிவிட்டது.

"கொலஸ்ட்ரால்," என்றார் பரிசோதகர். "சுத்தமான கொலஸ்ட்ரால்."

வெடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆனால் எதுவும் வேடிக்கையாகத் தோன்றவில்லை. மூன்றாம் தேதி அந்தப் பாட்டிலில் சரியான பொடிதான் இருந்திருக்கிறது. பொடி மாறியது அதற்குப் பிறகு. பரிசோதகரின் குமிழி ஒழுகி முடிந்த பிறகு, ஒழுகியதற்கு ஒரு காரணம் தேவைப்பட்ட பிறகு.

அந்தக் காரணம் தேவைப்பட்ட ஆள் ஒருத்திதான்.

மணி மூன்று முப்பத்தைந்து.

* * *

குமிழி முகம் கழுவித் தலை வாரியிருந்தாள். "கிடைச்சுதா அண்ணி? அவ ஒத்துக்கிட்டாளா?"

அண்ணி ஜன்னலோரத் தட்டுக்குப் போனாள். மூன்று குழாய்களில் ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். கழுத்துவரை திரவம்.

"தினமும் ஒரு துளி எடுப்பீங்க இல்லையா?"

"ஆமா."

"முப்பது நாள், முப்பது துளி. விரல் நீளக் குழாய். இந்த மூணுல ஒண்ணாவது முக்கால்வாசி காலியாயிருக்கணும்."

குமிழியின் கை தலைமுடியில் அப்படியே நின்றது.

"இது மூணு மாசத்துக் குழாய் இல்ல. இந்த வாரம் செஞ்சது. பதினோராம் நாள் பச்சையாகிடும்னு உங்களுக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி எடுத்துட்டுப் புதுசு வெச்சிடுவீங்க. அந்த முப்பது நாள்லேயும் அப்படித்தான் ரெண்டு தடவை புதுசு மாத்தினீங்க. துளி எடுக்கிறது நீங்க. இருட்டுல உக்காந்து எண் படிக்கிறது அவங்க. குழாயை அவங்க பார்க்கவே இல்ல." அண்ணி குழாயைத் தட்டில் வைத்தாள். "பரிசோதகர்கிட்ட மூணாம் தேதிப் பொடி இருக்கு. உருக்கிப் பார்த்தோம். கொலஸ்ட்ரால்."



"பத்து நாளை வெச்சுக்கிட்டு என்ன பண்றது?" என்றாள் குமிழி. இப்போது அவள் குரலில் அழுகை இல்லை. "பத்து நாள் பத்தாதுன்னு எங்களை மூட்டை கட்டச் சொல்லியிருப்பாங்க. என்னை மட்டும் இல்ல, அவளையும்தான். அவளுக்கும் சேர்த்துத்தான் செஞ்சேன்."

"இன்னிக்கு அவங்க பேர்ல பழி போட்டீங்களே, அதுவும் அவங்களுக்காகத்தானா?" என்றான் வெடி.



"எனக்கு ஒண்ணுதான் தெரியணும்," என்றாள் அண்ணி. "பெரிய பெரிய படிப்பு படிச்ச துப்பறியிறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. என்னை ஏன் கூப்பிட்டீங்க?"

குமிழி உதட்டைக் கடித்துக்கொண்டாள். அதுவே பதில்.

"பொடி மாறியிருக்குன்னு கண்டுபிடிப்பா. அதுக்கு மேல இவளுக்கு என்ன புரியப்போகுதுன்னு நினைச்சீங்க."

அண்ணியின் குரல் உயரவில்லை. ஆனால் வெடி ஒன்பது வருடத்தில் முதல் முறையாக அவள் காது மடல் சிவந்ததைப் பார்த்தான். மதியம் அந்தத் தோளில் வைத்த கையை அவள் இப்போது புடவையில் துடைத்துக்கொண்டாள்.

கதவருகே சத்தம் கேட்டது. தராசு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. முப்பது எண்கள் எழுதிய நோட்டு அவள் மார்போடு ஒட்டியிருந்தது.

"முப்பதாம் நாள்," என்றாள். "நான் குதிச்சப்ப நீயும் குதிச்சியேடி."

"உள்ள வா. கதவைச் சாத்து," என்றாள் குமிழி அவசரமாக. "கேளு. அவங்க கூப்பிடறதுக்கு இன்னும் நேரம் இருக்கு. அந்த நோட்டுல இருக்கிறது உன் கையெழுத்து. நான் விழுந்தா நீயும் விழுவே. ரெண்டு பேரும் ஒரே மாதிரி பேசினா..."

"நீ பத்து நாள்னு சொல்லியிருந்தா நான் பத்து நாள்னுதான் எழுதியிருப்பேன். ரெண்டு பேரும் சேர்ந்து பதினோராம் நாளுக்கு வழி தேடியிருப்போம்."

"உன்னையும் வீட்டுக்கு அனுப்பிடுவாங்கடி."

"அனுப்பட்டும்."

நடைவழியில் செருப்புச் சத்தம். குழுவின் அலுவலர் எட்டிப் பார்த்தார். "எல்லாரும் வந்தாச்சு. முதல்ல யார் வர்றீங்க?"

"நான்," என்றாள் தராசு.

குமிழி இரண்டடி முன்னால் வந்து அவள் கையைப் பிடித்தாள். தராசு அந்தக் கையைப் பார்த்தாள். விரல் விரலாக எடுத்து விலக்கினாள், ஏதோ நுண்ணிய கண்ணாடிச் சாமானைக் கழற்றுகிற மாதிரி, எதுவும் உடையாமல்.

கதவுவரை போனவள் திரும்பி வந்தாள். மேசை ஓரத்தில் துணியின் மேல் கவிழ்த்திருந்த தன் மஞ்சள் கோப்பையை எடுத்து, நோட்டின் மேல் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

துணியில் நீலக் கோப்பைக்குப் பக்கத்தில், ஈரம் காயாத ஒரு வட்டம் இருந்தது.